ஃபைல்.என்கோடிங் மாற்றியும் கணக்கில் "?????" வருது: செட்ப்ராப்பர்ட்டி ஏன் எடுபடல?

பல்லாவரம்_பைட்:
தி.நகர் மளிகைக் கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள். ஜாவா 8, விண்டோஸ். பொருள் பெயரெல்லாம் டேட்டாபேஸிலிருந்து தமிழில் ஒழுங்கா வருது, திரையிலும் சரியா தெரியுது. ஃபைல்ரைட்டர் வழியா அன்றாடக் கணக்கை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதும்போது மட்டும் "அரிசி" போய் "?????" வந்து நிக்குது. ப்ரோகிராம் தொடங்குற மெயினின் முதல் வரியிலேயே சிஸ்டம்.செட்ப்ராப்பர்ட்டி போட்டு ஃபைல்.என்கோடிங்கை (எழுத்தை எந்தக் குறிமுறையில் எழுதணும்ங்கிற அமைப்பு) தமிழும் அடங்கிய யூடிஎஃப்-8 ஆக்கிட்டேன். அடுத்த வரியில் கெட்ப்ராப்பர்ட்டி கேட்டா யூடிஎஃப்-8னுதான் சொல்லுது. ஃபைல் மட்டும் மாறல.

இந்தக் கணக்கை வாங்குற லினக்ஸ் சர்வர் யூடிசியில் (நம்ம நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடுது. அங்கேயும் இதே கதை. யூசர்.டைம்ஸோனை கோடில் செட் பண்ணியும், காலை 5 மணிக்குப் போட்ட பால் பில் முந்தின நாள் தேதியில் இரவு 11.30ன்னு பதிவாகுது.

நங்கநல்லூர்_நூல்:
சிஸ்டம் ப்ராப்பர்ட்டி என்பது வெறும் பெயர்-மதிப்பு அட்டவணை. செட்ப்ராப்பர்ட்டி அந்த அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தும், அவ்வளவுதான். அதை யார், எப்போது படிக்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஃபைல்.என்கோடிங்கை ஜேவிஎம் (ஜாவா ப்ரோகிராமை ஓட்டும் இயந்திரம்) எழுந்திருக்கும்போதே படித்து, டிஃபால்ட் கேரக்டர்செட்டை (வேறு எதுவும் சொல்லாதபோது பயன்படும் எழுத்துக் குறிமுறையை) முடிவு செய்து ஒதுக்கி வைத்துவிடும். உங்கள் மெயின் வரும்போது அந்த வேலை முடிந்திருக்கும். அதனால் கெட்ப்ராப்பர்ட்டியை நம்பிச் சோதிக்காதீர்கள். நீங்கள் எழுதியதையே அது திருப்பிப் படிக்கும். கேரக்டர்செட்.டிஃபால்ட்கேரக்டர்செட்டை அச்சடித்துப் பாருங்கள். இங்கிலீஷ் (இந்தியா) வைத்த விண்டோஸ் என்றால் விண்டோஸ்-1252 என்று வரும். அதில் தமிழே கிடையாது.

கேள்விக்குறியை எண்ணிப் பார்த்தீர்களா? கண்ணுக்கு மூன்று எழுத்து, குறியோ ஐந்து. அ, ர, இகரக் கொக்கி, ச, இன்னொரு கொக்கி என ஐந்து யூனிகோட் குறிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி. எழுதும்போதே தரவு போய்விட்டது என்று அர்த்தம். பழைய ஃபைல்களை எந்த எடிட்டரில் திறந்தாலும் மீட்க முடியாது, டேட்டாபேஸிலிருந்து மறுபடி எழுதுங்கள்.

சரியான வழி ப்ராப்பர்ட்டியே அல்ல. ஜாவா 8ல் ஃபைல்ரைட்டருக்கு கேரக்டர்செட் கொடுக்க இடமில்லை, அது 11ல்தான் வந்தது. ஃபைல்ஸ்.நியூபஃபர்டுரைட்டர் பயன்படுத்தி ஸ்டாண்டர்ட்கேரக்டர்செட்ஸில் இருக்கும் யூடிஎஃப்-8ஐ நேரடியாகக் கொடுங்கள். படிக்கும் பக்கத்திலும் அதையே கொடுங்கள். கடைக்காரர் நாளைக்கு கம்ப்யூட்டரையே மாற்றினாலும் பிரச்சினை வராது.

ஓஎம்ஆர்_ஓரம்:
மேலே சொன்னதுதான் சரி. ஆனா கோடைத் தொட முடியாத பழைய ஜார் (கட்டி முடிச்ச ஜாவா ப்ரோகிராம் ஃபைல்) என்றால், ஜாவாவைக் கிளப்புற கமாண்டிலேயே ப்ராப்பர்ட்டி கொடுக்கும் -டி தான் கதி. அதை எங்கே போடுறீங்க என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுறாங்க. "ஜாவா -டிஃபைல்.என்கோடிங்=யூடிஎஃப்-8 -ஜார் பில்லிங்.ஜார்" என்ற வரிசைதான் வேலை செய்யும். ஜார் பெயருக்குப் பின்னாடி போட்டா அது மெயினுக்குப் போகும் ஆர்க்யுமென்ட் ஆயிடும். ஜேவிஎம் அதைச் சீண்டாது, பிழையும் காட்டாது. பழைய பவர்ஷெல்லில் ஓட்டினா முழுசையும் மேற்கோளுக்குள் போடுங்க. இல்லாட்டி புள்ளி இருக்கும் இடத்தில் அது இரண்டா வெட்டிடும், ".என்கோடிங்" என்ற பெயரில் கிளாஸ் கிடைக்கலன்னு ஜாவா புலம்பும்.

ஜாவா 18க்கோ அதற்கு மேலோ போனா டிஃபால்ட்டே யூடிஎஃப்-8 தான், இந்த -டி தேவையே இல்ல.

சர்வரில் ஜாவா வெப் ப்ரோகிராமை ஓட்டும் டாம்கேட்டா? அதன் "பின்" என்ற ஃபோல்டரில் செட்என்வ் ஸ்க்ரிப்ட் வைத்து கேட்டலினா_ஆப்ட்ஸ்ல போடுங்க. ஜாவா_ஆப்ட்ஸ்ல போட்டா நிறுத்துற கமாண்டுக்கும் அது சேர்ந்தே போகும். பாஷ்ஆர்சியில் (டெர்மினல் திறக்கும்போது படிக்கும் ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணிட்டு, லினக்ஸ் பின்னணியில் தானா கிளப்புற சிஸ்டம்டி சர்வீஸ் அதை எடுத்துக்கும்னு காத்திருக்காதீங்க, எடுத்துக்காது. பாஸ்வேர்டை மட்டும் -டியில் போடாதீங்க. ஓடுற ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்ட் அடிச்சா அது பளிச்னு தெரியும்.

ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸின் ப்ராப்பர்ட்டிகளைப் பார்க்க ஜேசிஎம்டி கமாண்ட், அதன்பின் பிஐடி (ப்ராசஸின் எண்), அதன்பின் விஎம்.சிஸ்டம்_ப்ராப்பர்ட்டீஸ். ஆனா கோடில் பின்னாடி செட் பண்ணினதும் அதில் கலந்தே வரும். ஜேவிஎம் உண்மையில் என்ன வாங்கிக்கிட்டுக் கிளம்பிச்சுன்னு தெரிய அதே கமாண்டில் கடைசியா விஎம்.கமாண்ட்_லைன் போட்டுப் பாருங்க.

பல்லாவரம்_பைட்:
நியூபஃபர்டுரைட்டர் போட்டதும் தமிழ் வந்துடுச்சு, ரொம்ப நன்றி. ப்ரோகிராமைக் கிளப்புற பேட்ச் (.bat) ஃபைலைத் திறந்து பார்த்தா -டி ஜாருக்குப் பின்னாடிதான் இருந்தது.

டைம்ஸோன் மட்டும் மிச்சம். செட்என்வில் யூசர்.டைம்ஸோன்=ஏசியா/சென்னைன்னு கொடுத்தேன். இன்னமும் யூடிசிதான்.

நங்கநல்லூர்_நூல்:
ஏசியா/சென்னை என்று ஒரு மண்டலமே கிடையாது. நம் ஊருக்கும் ஏசியா/கொல்கத்தா தான். தெரியாத பெயரைக் கொடுத்தால் டைம்ஸோன்.கெட்டைம்ஸோன் சத்தமில்லாமல் ஜிஎம்டியைக் கொடுத்துவிடும். ஸோன்ஐடி.ஆஃப் அப்படியில்லை, எக்ஸப்ஷன் எறிந்துவிடும். அதனால் ப்ரோகிராம் தொடங்கும் இடத்தில் அதைக் கொண்டு ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கோடில் செட் பண்ணியபோது பெயர் சரியாகவே இருந்திருந்தாலும் பலன் உறுதியில்லை. டிஃபால்ட் மண்டலத்தை யாராவது முதல்முறை கேட்கும்போது ஜாவா அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்களுக்கு முன்பே லாக் லைப்ரரி தன் ஸ்டாட்டிக் பிளாக்கில் (கிளாஸ் ஏறும்போதே ஓடும் பகுதி) கேட்டிருந்தால் முடிந்தது. இதே கோட் ஒரு இடத்தில் ஓடி இன்னொரு இடத்தில் ஓடாததற்கும் இதுதான் காரணம். ஓடும்போதுதான் மாற்றியாக வேண்டுமென்றால் டைம்ஸோன்.செட்டிஃபால்ட்.

ஓஎம்ஆர்_ஓரம்:
உங்க சொந்த ப்ராப்பர்ட்டிக்கும் ஒரு எச்சரிக்கை. பூலியன்.கெட்பூலியன் பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க. அது கொடுத்த சொல்லை உண்மையா பொய்யான்னு மாற்றித் தராது. அந்தப் பெயரில் சிஸ்டம் ப்ராப்பர்ட்டி இருக்கான்னு தேடும். "ட்ரூ"ன்னு கொடுத்தா அந்தப் பெயரில் எதுவும் இருக்காது, ஃபால்ஸ் வரும். சொல்லை மாற்ற பார்ஸ்பூலியன். கெட்ப்ராப்பர்ட்டிக்கு இரண்டாவது மதிப்பா ஒரு டிஃபால்ட் கொடுத்துடுங்க, மதிப்பே இல்லைங்கிற "நல்" (null) வந்து காலை வாராது.

பல்லாவரம்_பைட்:
கொல்கத்தா போட்டதும் பால் பில் காலை 5 மணிக்கே விழுது. ஃபைலும் சரி. தெர்மல் பிரின்டரில் மட்டும் தமிழ் இன்னும் குப்பையா வருது.

நங்கநல்லூர்_நூல்:
அதற்கு ஜாவாவைக் குறை சொல்ல முடியாது. அந்த பிரின்டர்களின் கோட் பேஜில் (உள்ளே இருக்கும் எழுத்துப் பட்டியலில்) பெரும்பாலும் தமிழ் இருக்காது. பில்லைப் படமாக வரைந்து அனுப்புங்கள். அதைப் பற்றி இங்கே தனிக் கேள்வியாகத் தொடங்குங்கள், மாடல் எண்ணையும் போடுங்கள்.