குக்கர் சாக்லேட் கேக்: நடுவில் குழி, சோப்பு வாடை. அடுத்த மாதம் துறை விழாவில் ஸ்டால்

அரசலாறு_மாணவி:

வணக்கம். கும்பகோணத்தில் பி.காம் இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் எங்கள் துறையில் உணவுத் திருவிழா. ஒவ்வொரு அணியும் ஒரு பொருளைச் செய்து, விலை வைத்து விற்று, வரவு செலவுக் கணக்கும் காட்டணும். எங்கள் அணிக்கு முட்டை சேர்க்காத சாக்லேட் கேக். ஓவன் கிடையாது, அலுமினியக் குக்கரும் கேஸ் அடுப்பும்தான். தராசும் இல்லை, எல்லாம் கப் அளவு.

இப்போதைய அளவு: மைதா 1 கப், கோகோ அரை கப், சர்க்கரை 1 கப், கெட்டித் தயிர் 1 கப், ரீஃபைண்டு எண்ணெய் அரை கப், ஆப்ப சோடா ஒன்றரை டீஸ்பூன். குக்கரில் கல்லுப்பு பரப்பி 5 நிமிடம் சூடாக்கி, மிதமான தீயில் அரை மணி நேரம்.

ஓரம் மேலே எழும்பி, நடு உள்ளே இறங்கிவிடுகிறது. அடி கறுக்கிறது. விழுங்கிய பிறகு நாக்கில் சோப்பு மாதிரி ஒரு வாடை நிற்கிறது. மேலே ஊற்ற சாக்லேட் உருக்கினால் திரிந்து மண் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஸ்டாலில் நின்று பேச வேண்டியது நான்தான். "பேக்கரியில் 15 ரூபாய்க்குக் கிடைக்குதே, உன்னுடையது ஏன் 25?" என்று கேட்டால் வாயே வரமாட்டேன் என்கிறது. இதற்கும் யாராவது வழி சொன்னால் நல்லது.

ஈர்க்குச்சி:

குழி, வாடை இரண்டுக்கும் காரணம் அந்த ஒன்றரை டீஸ்பூன் சோடா. 1 கப் மைதாவுக்கு அது மூன்று மடங்கு. சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும். உங்க ஒரு கப் தயிர் ஏறக்குறைய அரை டீஸ்பூன் சோடாவைத்தான் முறிக்கும். மிச்சம் இருக்கும் சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறும். துணி துவைக்கும் சோடா என்கிறோமே, அதேதான். நாக்கில் நிற்பதும் அதுதான். கூடவே, மாவு வெந்து இறுகும் முன்பே வாயு கிளம்பிக் குமிழிகள் பெரிதாகி உடைந்துவிடும். கடைசியாக வேகிற இடம் நடு என்பதால் குழியும் அங்கே விழுகிறது.

கோகோவும் அதிகம். அரை கப் கோகோ 40 கிராமுக்கு மேல் வரும். அது ஈரத்தை உறிஞ்சி கேக்கை வறட்டும், கசக்கவும் செய்யும்.

முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். அணியில் பங்கு போட்டால் ஒருவருக்குப் பெரிதாக வராது. கப்பில் மைதாவை அமுக்கி எடுத்தால் 150 கிராம், தளர்வாக எடுத்தால் 120. இந்த வித்தியாசத்திலேயே ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் கல்லாகும். பிறகு எதைத் திருத்துவது?

6 அங்குல வட்டத் தட்டுக்கு இந்த அளவு: மைதா 130 கிராம், இனிப்பில்லாத கோகோ 25, பொடித்த சர்க்கரை 150, தயிர் 100, எண்ணெய் 60, சூடான தண்ணீர் அல்லது காப்பி டிகாக்‌ஷன் 90 மில்லி, சோடா அரை டீஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. சோடாவை மட்டும் அளவுக் கரண்டியில் எடுத்து, கத்தி முதுகால் தலையைத் தட்டிச் சமன் செய்யுங்க. சமையலறைத் தராசு இரண்டு மூன்று கிராமைச் சரியாகக் காட்டாது.

சூடான டிகாக்‌ஷனில் கோகோவைக் கரைத்துக் கூழாக்கி, வெதுவெதுப்பாகும் வரை வையுங்க. கோகோவின் மணம் இந்தச் சூட்டில்தான் விரியும். உலர்ந்த மாவோடு சேர்த்துப் போட்டால் பாதி மணம் பூட்டியே கிடக்கும். கும்பகோணத்தில் நல்ல டிகாக்‌ஷனுக்குப் பஞ்சமா? ஆனால் இறங்கிய முதல் டிகாக்‌ஷனை அப்படியே ஊற்றினால் காப்பி கேக்காகிவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக்கொள்ளுங்க. தயிர், எண்ணெய், சர்க்கரையை நுரைக்க அடித்து, கோகோக் கூழைச் சேர்த்து, இரண்டு முறை சலித்த மைதா, சோடா, உப்பை இரண்டு பங்காகப் போட்டு மடித்துக் கலக்குங்க. வெள்ளைத் தெரியாமல் போனதும் கை நிற்கணும். அதற்கு மேல் கலக்கினால் ரப்பர். வினிகர் கடைசியில். தயிர் பட்டதுமே கிளம்பத் தொடங்கிய வாயு அது விழுந்ததும் வேகமாகக் கிளம்பும், ஐந்து நிமிடத்துக்குள் தட்டு அடுப்பில் இருக்கணும்.

குக்கர் விஷயம். கேஸ்கட், வெயிட் இரண்டையும் கழற்றித்தான் ஆகணும். அதைவிட, தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடாக்குவதே அதற்கு நல்லதில்லை. வீட்டில் அடிகனமான பழைய பிரியாணி தேக்சாவோ மூடியுள்ள இரும்புக் கடாயோ இருந்தால் அதை எடுங்க. உப்பு வேண்டாம், ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும். 2 அங்குல உயர ஸ்டாண்ட் போதும். அடியில் தோசைக்கல் வைத்து அதன்மேல் பாத்திரம் வைத்தால் தீ ஒரே இடத்தில் குத்தாது, அடி கறுக்காது. மூடியோடு 10 நிமிடம் சூடேற்றுங்க. மூடியும் சூடாகியிருந்தால் உள்ளே நீர் கோத்துக் கேக்கில் சொட்டாது. தட்டு வைத்து 5 நிமிடம் மிதமான தீ, பிறகு சிம். 35 நிமிடம் வரை திறக்கக் கூடாது. பிறகு கழுவிக் காயவைத்த தென்னை ஈர்க்கை நடுவில் குத்திப் பாருங்க. ஈரத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டினால் இறக்கலாம். கூழாக ஒட்டினால் இன்னும் 7 நிமிடம்.

நடு குழிந்தால் சோடா அதிகம், அல்லது வேகவில்லை, அல்லது சீக்கிரம் திறந்தாச்சு. நடு எரிமலை மாதிரி எழும்பி வெடித்தால் தீ அதிகம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

பேராவூரணித்_தோப்பு:

சாக்லேட் திரிவதற்குத் தண்ணீர்தான் காரணம். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு ஆவி விழுந்தாலே அதிலுள்ள சர்க்கரை ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டியாகும். கிண்ணம், கரண்டி, கை எல்லாம் உலர்ந்திருக்கணும். கீழே பாத்திரத்தில் தண்ணீர் 2 விரல்கடை, கிண்ணத்தின் அடியைத் தொடக் கூடாது, கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அந்த ஆவியிலேயே உருக்குங்க. திரிந்துபோனதைக் கொட்டவும் வேண்டாம். சூடான பாலை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்தால் சாஸாகத் திரும்பி வரும். ஆனால் அது பிறகு இறுகாது, ஊற்ற மட்டுமே ஆகும்.

எந்த சாக்லேட் என்பது அடுத்த கேள்வி. அசல் சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய், 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். நம்ம தஞ்சாவூர் வெயில் சித்திரையில் அதைத் தாண்டித்தான் நிற்கும். அசலைப் பளபளப்பாக இறுக வைக்க டார்க் சாக்லேட்டை 45-50 டிகிரிக்கு உருக்கி, 27-28க்கு இறக்கி, மறுபடி 31-32க்கு ஏற்றணும். ஏசி இல்லாத சமையலறையில் அது வீண் வேலை. காம்பவுண்ட் கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு, உருக்கி ஊற்றினாலே இறுகும். ருசி ஒரு படி குறைவுதான், மெழுகு மாதிரி நாக்கில் கொஞ்சம் ஒட்டும். பந்தலில் வைத்து விற்க அதுவே சரி. மேலே ஊற்ற 200 கிராம் டார்க் காம்பவுண்டுக்கு 100 கிராம் ஃப்ரெஷ் கிரீம். பாதிக்குப் பாதி போட்டால் பத்து மணிக்கே வழிய ஆரம்பிக்கும்.

என்னைக் கேட்டால் மேல்பூச்சே வேண்டாம். இந்த கேக் வெறுமனே நல்லா இருக்கும்.

ஃப்ரிட்ஜ் ஒரு பொறி. சாக்லேட் வாசனையை இழுக்கும். ஒரே தட்டில் இட்லி மாவும் மல்லிப்பூச் சரமும் இருந்தால் மறுநாள் சாக்லேட்டில் இரண்டும் தெரியும். மூடிய டப்பாவில் வைத்து, வெளியே எடுத்த பின்னும் அரை மணி நேரம் திறக்காமல் விடுங்க. உடனே திறந்தால் மேலே வியர்த்து, காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். பூஞ்சை இல்லை, சர்க்கரைதான். ஆனால் பார்ப்பவரிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்கு ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள். ஸ்டால் பலகையில் அதை எழுத ஆசை வரும். நீங்கள் வாங்கும் பவுடர் எங்கே விளைந்தது என்று உறுதியாகத் தெரியாமல் எழுதாதீங்க, நடுவர் அதைத்தான் பிடிப்பார்.

கணக்குப்பிள்ளை:

பேச்சு பற்றிச் சொல்கிறேன். கேள்வி வருமுன்னே பதில் பலகையில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். எழுத வேண்டியது: பொருளின் பெயர், ஒரு துண்டின் எடை, விலை, "முட்டை இல்லை", "கோதுமை (மைதா), பால் பொருள் உண்டு". காம்பவுண்ட் போட்டால் உறையில் சோயா என்று இருக்கும், அதையும் சேருங்க. ஒவ்வாமை உள்ளவர்கள் கேட்காமலே விலகிக்கொள்வார்கள்.

விலைக்கு ஒரு தாளில் கணக்கு. எடுத்துக்காட்டாக ஒரு கேக்குக்குப் பொருள், கேஸ், டப்பா எல்லாம் சேர்த்து 150 ரூபாய் என்று வையுங்க. 10 துண்டு வரும், ஒன்று ருசி பார்க்கக் கொடுக்க, விற்க 9. துண்டுக்கு அடக்கம் 16 ரூபாய் 67 காசு. 25க்கு விற்றால் வரவு 225, மிச்சம் 75. பேக்கரி விலையைக் கேட்டால் சண்டைக்குப் போக வேண்டாம்: "இது 50 கிராம் துண்டு, 25 ரூபாய். ருசி பாருங்க." அவ்வளவுதான். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளணும். அந்த இரண்டு நொடி அமைதி தாங்காமல்தான் பலர் "வேணும்னா 20க்குத் தரேன்" என்று தாங்களே இறங்குகிறார்கள். வாங்குபவர் அப்போது யோசித்துக்கொண்டுதான் இருப்பார், மறுக்கவில்லை.

"சுமாரா வந்திருக்கு", "முதல் தடவைதான் செய்யறோம்" இரண்டையும் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்க. கூச்சத்தில் சொல்வது, கேட்பவருக்குத் தரச் சான்றிதழாகப் போய்விடும்.

நடுவர்கள் கேட்கக்கூடியது: ஏன் டிகாக்‌ஷன், ஏன் முட்டை இல்லை, எத்தனை நாள் தாங்கும், அடக்கம் எவ்வளவு. நான்கையும் தலா இரண்டு வாக்கியத்தில் எழுதி, அணியில் ஒருவர் மாற்றி மாற்றிக் கேட்க, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. மனசுக்குள் சொல்வது கணக்கில் வராது. தெரியாததற்கு "அதைச் சோதிக்கலை மேடம், குறிச்சுக்கறேன்" போதும். கை நடுங்கும் என்றால் இடுக்கியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்க. துண்டை எடுத்துத் தாளில் வைக்கிற வேலை இருந்தால் கை தானாக அடங்கும். சில்லறை வாங்குவது வேறு ஆள், பணம் தொட்ட கை கேக்கைத் தொடக் கூடாது.

கல்லூரி விழாவோடு நிறுத்தாமல் வீட்டிலிருந்து தொடர்ந்து விற்பதானால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். உணவுத் தொழில் பயிற்சிக்குத் தஞ்சாவூர் புதுக்கோட்டைச் சாலையில் நிஃப்டெம் என்ற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, 2021 வரை ஐஐஎஃப்பிடி என்று இருந்தது.

சோம்பேறி_சமையல்:

இவ்வளவு எதுக்கு? பிரீமிக்ஸ் பாக்கெட் வாங்கினா எண்ணெயும் தண்ணியும் ஊத்தினா போதும்.

ஈர்க்குச்சி:

வரும், தப்பில்லை. ஆனால் அடக்க விலை ஏறும், "இதில் என்ன இருக்கு" என்று நடுவர் கேட்டால் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கணும். அதைவிட உலர்ந்த பொருளை நீங்களே எடை போட்டுப் பைகளில் கட்டி வைக்கலாம். மைதா, சோடா, உப்பு ஒரு பை, கோகோ தனிப் பை. இன்டர்னல் தேர்வு நடக்கிற வாரத்தில்கூட ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போதும்.

அரசலாறு_மாணவி:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை போடலாமா? 36 துண்டு வேணும், எப்போது சுடுவது? டவுன் பஸ்ஸில்தான் கொண்டு போகணும்.

ஈர்க்குச்சி:

நாட்டுச் சர்க்கரை பாதி போடுங்க, 75க்கு 75. அதில் ஈரம் உண்டு, டிகாக்‌ஷனை 10 மில்லி குறைக்கணும். சலிக்காமல் போட்டால் மண் நறநறக்கும். முழுவதும் அதுவே போட்டால் கோகோ பின்னால் போய், வெல்ல மணம் முன்னால் வரும். சோடா அளவைத் திருத்துகிற அதே நாளில் இதையும் மாற்ற வேண்டாம். முதலில் வெள்ளைச் சர்க்கரையில் குழி போகட்டும்.

36க்கு 4 கேக். இரண்டு பாத்திரம், இரண்டு பர்னர் என்றால் இரண்டு ஈடு, முந்தின நாள் சாயங்காலம் 5 மணிக்குத் தொடங்கினால் 8க்குள் முடியும். மாவை மொத்தமாகக் கலக்கிவிட்டு இரண்டாம் ஈட்டுக்குக் காக்க வைத்தால் அது எழும்பாது, ஒவ்வொரு ஈடாகக் கலக்குங்க. இரவு முழுக்க ஆறவிட்டு, தட்டிலேயே மூடிக் கொண்டு போய் அங்கே வெட்டுங்க. வெட்டிக் கொண்டு போனால் அணைக்கரைச் சாலைக் குலுக்கலில் பாதி தூளாகும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத் துணியில் துடைக்கணும். தயிர் சேர்ந்தது, வெயில் காலத்தில் மறுநாளைக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம்.

தொடங்கும் முன் வீட்டு சோடாவில் கால் ஸ்பூன் எடுத்து அதன்மேல் வினிகர் விடுங்க. சுர்ரென்று பொங்காவிட்டால் புதுப் பாக்கெட் வாங்குங்க.