ஊம் கொட்டாமல் கேட்ட கதை

கதைப்பித்தன்:
கதை கேட்பதற்காகவே ஊர் ஊராகச் செல்லும் பழக்கம் எனக்குப் பதினைந்து ஆண்டுகளாக உண்டு. வார நாட்களில் ஒரு மண்டியில் கணக்கெழுதுகிறேன். சனிக்கிழமை வந்தால் துணிப்பையும் ஒலிப்பதிவுக் கருவியுமாகத் திருநெல்வேலிப் பக்கமோ நாகர்கோவில் பக்கமோ பேருந்து ஏறிவிடுவேன். அங்கே சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் கொடை என்னும் கோயில் விழா நடக்கும் ஊர்களில் வில்லுப்பாட்டு இருக்கும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டி, காப்புப் பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளத்தையும் விரித்த பிறகுதான் கதைக்குள் நுழைவார். அவர் ஒன்று சொல்லி நிறுத்தும்போதெல்லாம் பின்பாட்டுக்காரர்கள் "ஆமா" என்பார்கள். புலவர் மூச்சு வாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு அது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன்.

ஒரு சித்திரை மாதக் கொடையில், பந்தலோரம் நுங்கு சீவிக்கொண்டிருந்த ஓர் ஆச்சியிடம் கதை கேட்டேன். ஏழு அண்ணன்மாருக்கு ஒரே தங்கையாகப் பிறந்தவளின் கதையைத் தொடங்கினார். என் குரல் பதிவைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நான் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். அண்ணன்மார் தங்கையைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் இடத்தில் ஆச்சி அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "என்ன தம்பி, சொவத்துக்கிட்டயா கதை சொல்லச் சொல்லுதிய?" என்று கேட்டார்.

கருவியை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு ஊம் கொட்டத் தொடங்கினேன். ஆச்சி விட்ட இடத்திலிருந்து தொடராமல் மீண்டும் முதலிலிருந்தே சொன்னார். முன்பு ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாக இருந்தார்கள். இம்முறையோ கடைசி அண்ணன் மட்டும் தங்கைக்காக மடியில் சோறு மறைத்து எடுத்துச் சென்றான். என்னிடம் பதிவாகியிருப்பது அந்தச் சோறு இல்லாத கதைதான். அன்றிரவு வில்லடியில் "ஆமா" ஒலித்தபோது, அது யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பது விளங்கியது.

செஞ்சிக்காரி:
எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பல நாட்கள் நடக்கும். இறுதியில் துரியோதனன் வீழும் படுகளக் காட்சியும் தீமிதியும். எனக்கு அதில் அர்ச்சுனன் தபசுதான் பிடிக்கும். சிவனிடம் பாசுபதம் என்னும் அம்பை வேண்டித் தவமிருக்கும் அர்ச்சுனன், உயரமாக நட்ட தபசு மரத்தில் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் பூவும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே ஈரப் புடவையோடு மடியேந்திக் காத்திருப்பார்கள்.

எந்தப் படியில் எந்தப் பாட்டு என்று குறித்துக்கொள்ளும் ஆசையில், நான் குறிப்பேட்டை மடியில் விரித்து எழுதிக்கொண்டிருந்தேன். வீசிய பழங்களில் ஒன்று நேராக அதன்மேல் வந்து விழுந்தது. அருகிலிருந்த பெண் என்னையே பார்த்தார், கேட்கவில்லை. எடுத்து அவர் மடியில் இட்டேன். அதற்குப் பிறகு எழுதத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்தில் குறிப்பு பதின்மூன்றாம் படியோடு நிற்கிறது.

ஊர்சுற்றி:
இருவரும் சொல்வதைப் பார்த்தால் பதிவே செய்யக் கூடாது போலிருக்கிறதே? நான் பதிவு செய்த பொம்மலாட்டக் கலைஞர் ஒருவர் இன்று உயிரோடு இல்லை. அவர் குரல் என்னிடம் மட்டுமே இருக்கிறது.

கதைப்பித்தன்:
அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது, ஐயா. இப்போதெல்லாம் அக்காள் மகனை உடன் அழைத்துச் செல்கிறேன். அவனுக்கு ஒன்பது வயது. நான் கருவியைப் பார்த்துக்கொள்கிறேன். அவன் சொல்பவரின் எதிரே அமர்ந்து ஊம் கொட்டுகிறான். பதிவில் அவன் குரலும் சேர்ந்தே கேட்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நள்ளிரவு தாண்டினால் அவன் தூங்கிவிடுகிறான். பிறகு அந்த வேலையும் என் தலையில்தான்.