புதுப்பிப்பு: மண்கலவைத் தூசியும் என் இருமலும்

மாடித்தோட்டத்துக்கு மண்கலவை தயார் செய்த அன்று இரவே நெஞ்சு இறுகி இருமல் பிடித்ததென்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, அதன் மீதிக்கதை இது.

எக்ஸ்ரே சுத்தம். பொள்ளாச்சி டாக்டர் தூசியால் வந்த எரிச்சல் என்றார். கலவையில் சேர்க்கும் பெர்லைட் பையை அப்படியே கவிழ்த்தது என் தப்பு. வெள்ளையாகப் புகைபோல் எழும்பி கண்ணாடியில் மாவாகப் படிந்தது. எரிமலைக் கண்ணாடிப் பாறையைச் சூடாக்கிப் பொரிபோல உப்ப வைப்பதுதானே பெர்லைட், அந்தத் தூள் தொண்டையை அறுக்காமல் என்ன செய்யும்! கோபாலபுரம் பக்கம் மில்லில் வாங்கிய காய்ந்த தென்னைநார்க் கழிவும் அதோடு சேர்ந்துகொண்டது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், இதுதான் என்னைப் பயமுறுத்தியது: மண்கலவையில் லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இருக்கலாம், தூசியோடு உள்ளே போனால் நிமோனியா வரும், ஆஸ்திரேலியாவில் 1989-லேயே இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் மண்ணில் வேலை செய்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து.

இப்போது பைக்குள்ளேயே தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகுதான் கொட்டுகிறேன், என்95 மாஸ்க்கோடு, திறந்த வெளியில். அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவல். இருமல் பத்து நாளில் நின்றது. நனைக்கச் சொன்ன பாலக்காட்டு அக்காவுக்கு ரொம்ப நன்றி.