மறு: இர்ரெகுலர் வெர்ப் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமா?

வணக்கம். ஸ்பானிஷின் 'இர்ரெகுலர் வெர்ப்', அதாவது பொதுவிதிக்கு அடங்காமல் வடிவம் மாறும் வினை, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் இழையின் பேச்சு. அதில் வந்த பரிந்துரைகளில் 'வழுவினை'யை நான் ஏற்க மாட்டேன், வழு என்றால் பிழை, ஸ்பானிஷ்காரர்கள் நாள் முழுக்கப் புழங்கும் வினைகளுக்குப் பிழை என்று பெயர் வைப்பது நியாயமே இல்லை. 'வழுவமைதி' நயமான யோசனைதான், ஆனால் அது திணையும் பாலும் காலமும் மயங்கி வந்தாலும் இலக்கணம் ஏற்றுக்கொள்வதைப் பற்றியது. 'ஒழுங்கற்ற வினை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, பொதுப்பெயராக அதுவே இருந்துவிட்டுப் போகட்டும்.

என் கவலை வேறு. அந்தப் பொதுப்பெயருக்குள் இரண்டு தனித்தனி சங்கதிகள் கிடக்கின்றன.

'பொதேர்' (இயலுதல்) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். என்னால் முடியும் என்பது புவேதோ, நம்மால் முடியும் என்பது பொதேமோஸ். அழுத்தம் வினைப்பகுதியில் விழுந்தால் 'ஒ' என்பது 'உவே' ஆகும், விகுதிக்கு நகர்ந்தால் பழையபடி 'ஒ'தான். வேர் மாறவே இல்லை, நம் வா, வருகிறேன், வந்தேன் மாதிரி. நன்னூல் வழியில் இதை விகாரம் (வடிவம் திரிதல்) எனலாம், ஆகவே 'விகார வினை'.

'இர்' (போதல்) அப்படியில்லை. போகிறேன் என்பது வோய், போவேன் என்பது இரே, போனேன் என்பது ஃபுய். இதில் இரே லத்தீன் 'ஈரே'யிலிருந்து வந்தது, வோய் 'வாதெரே' என்ற வேறொரு வினையிலிருந்து, ஃபுய்யோ 'இருத்தல்' வினையின் இறந்தகாலம். அதனால்தான் 'ஃபுய் அ மத்ரித்' என்றால் மத்ரித்துக்குப் போனேன், 'ஃபுய் மெதிகோ' என்றால் மருத்துவராக இருந்தேன். இங்கே எதுவும் திரியவில்லை, மூன்று வேர்கள் ஒரே வினையில் வந்து குடியேறியிருக்கின்றன. இது தெரியாமல் படிப்பவர் இர்ரிலிருந்து ஃபுய் எப்படி வந்தது என்று இல்லாத விதியைத் தேடிக்கொண்டிருப்பார், பாவம்.

சப்ளிஷன் என்று மொழியியலில் சொல்வது இதைத்தான். இதற்கு 'பலவேர் வினை' என்று வைக்கலாமா? 'பல்பகுதி' என்றால் பல பாகங்கள் கொண்டது என்று படித்துவிடுவார்கள், 'பல்வேர்' என்று சேர்த்தால் பல்லின் வேர் ஆகிவிடும், அதனால்தான் 'பல' என்பதைக் குறுக்காமல் முழுதாகவே எழுதச் சொல்கிறேன்.

பிரெஞ்சு 'அலே'யிலும் (போதல்) வே, அலோன், இரே என்று மூன்று வேர்கள் இருப்பதால் சொல் அங்கேயும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். பிரெஞ்சு கற்பிப்பவர்கள் வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், மறுப்பு இல்லையென்றால் 'விகார வினை', 'பலவேர் வினை' இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் தனித்தனிப் பதிவாகச் சேர்த்துவிடலாம்.