ஒரே குழுமம், இரண்டு முகவரி: என் பதில் மட்டும் மாடரேஷனில் நிற்கிறது

கோடைமழை: என் சொந்த டொமைன் முகவரியை வைத்து மெயில்மேன் 2 என்ற மென்பொருளில் ஓடும் ஒரு மின்னஞ்சல் குழுமத்தில் இருக்கிறேன். அந்த முகவரிக்கு வருவதெல்லாம் ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் ஆகிறது. குழும மடல்கள் ஒழுங்காக வருகின்றன. ஜிமெயிலிலிருந்து பதில் போட்டால் மட்டும் ‘உறுப்பினர் அல்லாதவர்’ என்று நிறுத்திவிடுகிறது. ஜிமெயிலையும் சேர்த்தால் எல்லாம் இரண்டிரண்டாக வருமே?

நூல்கண்டு: வராது. நான் ஒரு குழுமத்தின் மாடரேட்டர்தான். ஸ்பாமை விட்டால் எங்கள் அனுமதிக்காக வரிசையில் காத்துக் கிடப்பவை பெரும்பாலும் இந்த ரகம். ஃபார்வர்ட் செய்திருப்பது மெயில்மேனுக்கு எப்படித் தெரியும்? அனுப்பியவர் முகவரி உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா, அதைத்தான் அது பார்க்கும். ஜிமெயிலையும் தனி உறுப்பினராகச் சேருங்கள். பிறகு அந்த முகவரியின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் மெயில் டெலிவரியை ‘டிசேபிள்’ பண்ணிவிடுங்கள். மடல் பழையதுக்கு வரும், இரண்டிலிருந்தும் எழுதலாம். மெயில்மேன் 3 என்றால் ஒரே கணக்கில் பல முகவரிகளை உறுதிப்படுத்தி வைத்துக்கொள்ள வசதி உண்டு.

அரைத்தூக்கம்: இதற்கு ஏன் இவ்வளவு? ஜிமெயிலில் ‘சென்ட் மெயில் ஆஸ்’ போட்டு டொமைன் முகவரியிலிருந்தே அனுப்பலாமே.

நூல்கண்டு: அனுப்பலாம். ஆனால் ‘எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில்’ என்ற தேர்வை நம்பாதீர்கள். குழும மடலில் ‘டூ’ வரியில் பொதுவாக இருப்பது குழுமத்தின் முகவரி, உங்களுடையது அல்ல. ஒவ்வொரு தடவையும் ‘ஃப்ரம்’ வரியைப் பார்த்து மாற்ற வேண்டும். அவசரத்தில் யார் பார்க்கிறார்கள்?

மூன்றாம்படி: இடையில் ஒரு கேள்வி. ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் + குறியும் ஒரு சொல்லும் போட்டு ஒரு குழுமத்தில் சேர்ந்தேன். இப்போது விலகலாம் என்றால் ‘நீங்கள் உறுப்பினரே இல்லை’ என்கிறது.

நூல்கண்டு: + போட்டதும் போடாததும் ஜிமெயிலுக்கு ஒரே பெட்டி, மெயில்மேனுக்கு இரண்டு ஆள். நடுவில் வைக்கும் புள்ளியும் அப்படியே. குழும மடல் ஒன்றைத் திறந்து ‘ஷோ ஒரிஜினல்’ போய் ‘டெலிவர்ட்-டூ’ வரியைப் பாருங்கள். எந்த வடிவில் சேர்ந்தீர்கள் என்பது பெரும்பாலும் அங்கே தெரியும். குழுமப் பக்கத்தில் அதை + குறியோடு அப்படியே கொடுத்தால் உறுதிப்படுத்தும் மடல் உங்கள் பெட்டிக்கே வரும். மடல்களைப் பிரித்து வைக்கத்தான் + போட்டீர்கள் என்றால், அது தேவையே இல்லை. ஒவ்வொரு குழும மடலிலும் ‘லிஸ்ட்-ஐடி’ என்று, எந்தக் குழுமம் என்பதைச் சொல்லும் ஒரு ஹெடர் வரி இருக்கும், 2001-இலேயே வந்த வழக்கம். அதை வைத்து ஃபில்டர் போடுங்கள்.

கோடைமழை: நன்றி, சேர்ந்துவிட்டேன். டொமைனை இந்த வருஷம் புதுப்பிக்கப் போவதில்லை, அதனால் ஏதாவது சிக்கல் வருமா?

நூல்கண்டு: அப்படியென்றால் டெலிவரியை இப்போதே ஜிமெயிலுக்கு மாற்றிவிட்டு, டொமைன் முகவரியை விலக்கிவிடுங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் நினைவூட்டல் அந்தப் பழைய முகவரிக்குத்தான் போகும்.