புதுப்பிப்பு: வெப்ப அலைகள், மூன்று மாதம் கழித்து

மாதவிடாய் நிற்கும் பருவத்து வெப்ப அலைகளையும் (திடீரென்று உடல் சூடாகி வியர்ப்பது) எரிச்சலையும் ஹார்மோன் மாத்திரை இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தேன். யோகா, சோயா, பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை என்று பதில்கள் குவிந்தன.

பிளாக் கோஹோஷைத் தொடவில்லை. அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கும் என்றார் மருந்தாளர். எனக்கோ ஏற்கெனவே கொழுப்புக் கல்லீரல். சோயாவுக்காக பினாங்கு ஆயர் ஈத்தாமில் தினமும் தௌ ஃபூ ஃபா (பாகு ஊற்றிய சோயா இனிப்பு) சாப்பிட்டேன். வெப்பம் குறையவில்லை, சர்க்கரைப் பாகின் தயவில் எடைதான் ஏறியது.

பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலையில் யோகா செய்கிறேன் (குரங்குகள் இருமுறை பையைக் கிளறிவிட்டன). தூக்கமும் மனமும் தேறின, வியர்வை அப்படியே. வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கத்தின் 2023 அறிக்கையும் வெப்ப அலைகளுக்கு யோகாவைப் பரிந்துரைக்கவில்லை. மனம் சார்ந்த முறைகளில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையையும் (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) மருத்துவ ஹிப்னாஸிஸையும்தான் பரிந்துரைக்கிறது.

நடத்தைச் சிகிச்சையில் சேர்ந்தேன். அலைகளின் எண்ணிக்கை குறையவில்லை. "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்" என்ற பதற்றம் குறைந்திருக்கிறது. போன வாரம் லெபு பாசார் புடவைக் கடையில் காதோரம் வியர்வை வழிந்தது. "அக்கா, காற்றாடியை இந்தப் பக்கம் திருப்பட்டுமா?" என்றான் கடைப் பையன். "திருப்பு தம்பி, நன்றாகத் திருப்பு" என்று சிரித்துவிட்டு, இன்னும் இரண்டு புடவைகளை விரிக்கச் சொன்னேன். முன்பானால் வெளியே ஓடியிருப்பேன்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை பற்றிக் கேட்ட தங்கைக்கு: மார்பகப் புற்றுநோய்க்கான டமோக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சை பற்றி அடுத்த வாரம் மருத்துவரிடம் பேசப்போகிறேன். பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை.