புதுப்பிப்பு: ஜீவனாம்ச உத்தரவு கைக்கு வந்தும் பணம் வரவில்லையா?

முந்தைய இழையில் மனு போடுவது வரைதான் எழுதியிருந்தேன். பலர் கேட்டது அதற்குப் பிந்தைய கட்டம்.

ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (சி.ஆர்.பி.சி.) 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 144-ஆம் பிரிவு ஆகிவிட்டது. பணம் நின்றால் அதே பிரிவின் கீழ் நிலுவை வசூல் மனு போடலாம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். மாதம் 8,000 ரூபாய், 15 மாத பாக்கி என்றால் மொத்தம் 1,20,000. வாரண்ட் (பாக்கியை வசூலிக்க நீதிமன்றம் போடும் ஆணை) மூலம் கேட்க முடிவது கடைசி 12 மாதத்து 96,000 மட்டுமே. "அடுத்த மாசம் தர்றேன்" என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் முதல் 24,000 இந்த வழியில் வராது.

மனுவோடு மாதவாரியாக ஒரு நிலுவைப் பட்டியலும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வையுங்கள். கையில் வாங்கிய தொகையையும் மறைக்காமல் கழித்துக் காட்டுங்கள். குறுக்கு விசாரணையில் அடிபடுவது பெரும்பாலும் அதில்தான்.

வாரண்ட் போட்டும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லும். தீராது, 1989-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு கூடினால் தொகையை உயர்த்தக் கேட்பது அதே சட்டத்தின் 146-ஆம் பிரிவில். அது தனி மனு, வசூல் மனுவோடு கலக்காதீர்கள்.